பகல்ல கண்ணை மூடுற பச்சோந்தி

இந்த வாரம் புளியங்குடியில இருந்து பேசுறேன். ஒர்க் ஃப்ரம் ஹோம் கேட்டு ரெண்டு வாரம் ஊருக்கு வந்திருக்கேன். மாடி ரூம்லதான் மைக். நடுவுல லாரி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் போற வண்டி. எங்க ஊரைத் தெரியாதவங்களுக்கு: தென்காசி மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், சங்கரன்கோவில்ல இருந்து பஸ் ஏறினா சீக்கிரம் வந்துடலாம். இங்க யார்கிட்ட பேசினாலும் ரெண்டாவது நிமிஷத்துல பேச்சு எலுமிச்சை விலைக்கு வந்துடும்.

இன்னிக்கு மூணு பச்சோந்தியைப் பத்திப் பேசப் போறேன். ஒண்ணு நான் ஆறாங்கிளாஸ் படிக்கும்போது எங்கிட்ட இருந்தது. ஒண்ணு டெக்சாஸ்ல என் ஃபிரண்டு வீட்டுல இருக்கு. மூணாவது போன மாசம் எங்க மாமா தோட்டத்துல கிடைச்சது. மூணுக்கும் ஒரே பிரச்சனை, கண்ணு.

டெக்சாஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். என் ஃபிரண்டும் இதே ஊர்க்காரன்தான், ஸ்கூல்ல இருந்து இன்ஜினியரிங் வரைக்கும் ஒரே பெஞ்ச். அங்க போயி ரெண்டு வருஷத்துல ஒரு பச்சோந்தி வாங்கினான். வெய்ல்ட் கமீலியன்னு சொல்வாங்க, ஏமன், சவூதி பக்கத்து இனம், தலையில கோபுரம் மாதிரி ஒரு கொண்டை இருக்கும். கடைக்காரன் பொண்ணுன்னு சொல்லிக் குடுத்தான், இவனும் கோமதின்னு பேர் வச்சிட்டான். எங்க பக்கம் தெருவுக்கு நாலு கோமதி இருப்பாங்க, அந்தப் பாசம். அப்புறம் பாத்தா பின்னங்கால் குதிகால்ல சின்னதா ஒரு முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. அந்த இனத்துல அது ஆம்பளைக்குத்தான் இருக்கும். ஆனாலும் பேரை மாத்தல, இன்னிக்கும் கோமதிதான், பேசும்போது 'அவ'தான்.

ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோ கால். "மாப்ள, கோமதி ரெண்டு நாளா கண்ணைத் தொறக்க மாட்டேங்குறா. நல்லாத் தூங்குறான்னு நினைச்சேன்"னான். அங்க அப்போ மத்தியானம்.

'தூங்குறா'ங்கிற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயித்துல என்னமோ பண்ணிச்சு. ஏன்னா அந்த வார்த்தையை நான் ஒரு தடவை சொல்லியிருக்கேன். அவனும் அப்போ பக்கத்துல இருந்தான்.

ஆறாங்கிளாஸ் முழுப்பரீட்சை லீவு. தாத்தா தோட்டத்து வேலியில ஒரு பச்சோந்தி. ரெண்டு பேரும் குச்சியை நீட்டி, அது குச்சியில ஏறினதும் அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம். செருப்பு வாங்கின அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு, உள்ள ஒரு எலுமிச்சைக் கிளை, சிரட்டையில தண்ணி, அடிச்சுப் போட்ட ரெண்டு கரப்பான். எல்லாம் பக்காவா பண்ணிட்டோம்னு நினைப்பு. தெருப் பசங்க எல்லாரும் வந்து பாத்தாங்க. ரெண்டாவது நாள்ல இருந்து கண்ணை மூடிக்கிச்சு. "தூங்குது, தொந்தரவு பண்ணாதீங்கல"ன்னு எல்லாரையும் விரட்டினேன். ஆச்சி மட்டும் எட்டிப் பாத்துட்டு, "பட்டப்பகல்ல தூங்குற ஜீவனால அது? கொண்டு போயி விட்டுருல"ன்னாங்க. நான் கேக்கல. நாலாவது நாள் காலைல பெட்டியைத் தொறந்தப்போ அது செத்துக் கிடந்துச்சு.

ஆச்சி திட்டல. அடுத்த வாரம் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அந்தக் கோயில்ல பாம்பு, தேள் மாதிரி உருவம் பொறிச்ச தகடு வாங்கி உண்டியல்ல போடுற வழக்கம் இருக்கு. பச்சோந்தி உருவத்துக்கு எங்க போறது? பல்லி மாதிரி இருந்த ஒண்ணை வாங்கி என் கையில குடுத்து, "போடு"ன்னாங்க. அவ்வளவுதான்.

ஆச்சி சொன்னது சரியான டயக்னாசிஸ்னு பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. பச்சோந்தி ராத்திரி கண்ணை மூடித் தூங்கும், கலர்கூட வெளுத்துரும். பகல்ல, வெளிச்சத்துல, தொடர்ந்து கண்ணை மூடி வச்சிருந்தா அது தூக்கம் இல்ல. உடம்புக்கு முடியலன்னு அர்த்தம்.

ஏன் கண்ணு இவ்வளவு முக்கியம்னா, பச்சோந்தியோட மொத்தப் பொழைப்பும் கண்ணுலதான் ஓடுது. மேல் இமை, கீழ் இமை ரெண்டும் ஒட்டி ஒரு கூம்பு மாதிரி ஆகியிருக்கும், நுனியில பாப்பா அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை. அந்தக் கூம்பு மொத்தமும் சுத்தும். ரெண்டு கண்ணும் தனித்தனியா, ஒண்ணு முன்னாடி பாக்கும்போது இன்னொண்ணு பின்னாடி பாக்கும். கழுத்தைத் திருப்பாமலே கிட்டத்தட்ட சுத்தி இருக்குற எல்லாத்தையும் பாத்துரும். பூச்சி கிடைச்சதும் ரெண்டு கண்ணும் அதுமேல வந்து நிக்கும், அப்புறம்தான் நாக்கு பாயும். உடம்பு நீளத்தைவிட அதிகமா நீளுற நாக்கு. தூரக் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் பூச்சி போச்சு.

அந்தத் தூரத்தை எப்படிக் கணக்குப் போடுது? நாம ரெண்டு கண்ணையும் வச்சு ஒப்பிட்டுத் தூரம் பாக்குறோம், அதுவும் அப்படித்தான்னு ரொம்ப நாள் நினைச்சாங்க. 1977-ல ஹார்க்னஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் பச்சோந்தி கண்ணுக்கு முன்னாடி லென்ஸ் வச்சுப் பாத்தாங்க. ஆமா, பச்சோந்திக்குக் கண்ணாடி! லென்ஸ் வச்சதும் நாக்கு போய் விழுற தூரம் மாறிடுச்சு. அதாவது கேமராவுல ஃபோகஸ் பண்ற மாதிரி, ஒவ்வொரு கண்ணும் ஃபோகஸ் ஆகுறதை வச்சே தூரத்தை அளக்குது. ஒரு கண்ணே போதும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வரும். 1995-ல இன்னொண்ணு கண்டுபிடிச்சாங்க: அதோட கண் லென்ஸ் நம்மளது மாதிரி வெளிச்சத்தைக் குவிக்கிற லென்ஸ் இல்ல, விரிக்கிற லென்ஸ். டெலிஃபோட்டோ கேமரா டிசைன். 2025-ல வந்த ஒரு பேப்பர் இன்னும் அழகு: கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்பு பழைய லேண்ட்லைன் ஃபோன் வயர் மாதிரி சுருண்டு இருக்கு. கண்ணு அவ்வளவு தூரம் சுத்துறதுக்கு ஸ்லாக் வேணும்ல.

இப்படிப்பட்ட ஜீவன் கண்ணை மூடினா, அதால சாப்பிட முடியாது. குருட்டாம்போக்குல தடவித் தேடித் திங்கிற பழக்கமெல்லாம் அதுக்கு இல்ல. கண்ணு மூடின நாள்ல இருந்தே பட்டினிக் கணக்கு ஓட ஆரம்பிச்சிரும்.

சரி, டெக்சாஸ். ஃபிரண்டு கையில ஏற்கனவே ரெண்டு ஐட்டம் ரெடியா இருந்துச்சு. ஒண்ணு, ஆன்லைன்ல ஆர்டர் பண்ண கார்ட்ல போட்டு வச்சிருந்த விட்டமின் ஏ சொட்டு மருந்து. ரெண்டு, அவனுக்கு மெட்ராஸ் ஐ வந்தப்போ மிச்சமான கண் சொட்டு. "நிறுத்துல"ன்னேன். நான் பெரிய டாக்டர்னு இல்ல. அந்தச் சொட்டு மருந்துல ஸ்டீராய்டு இருந்துச்சு, லேபிளைப் படிக்கச் சொன்னேன். கண்ணுல புண் இருந்து, அதுல ஸ்டீராய்டு விட்டா புண்ணு ஆறாம மோசமாகும். மனுஷனுக்கும் அப்படித்தான். விட்டமின் ஏ இன்னும் வில்லங்கம். குறைஞ்சாலும் கண்ணு போகும், ஓவர்டோஸ் ஆனா விஷம். கொழுப்புல கரையுற விட்டமின், சிறுநீர்ல வெளிய போகாது, உடம்புலயே தங்கிடும். நூறு கிராம் சொச்சம் இருக்குற ஜீவனுக்கு 'ஒரு சொட்டு'ங்கிற அளவே ஒரு சூதாட்டம்.

அப்புறம் கேமராவைத் திருப்பி கூண்டைக் காட்டச் சொன்னேன். நாங்க ரெண்டு பேரும் பிழைப்புக்குப் பண்றதே இதான: எரர் ஸ்கிரீன்ல தெரியும், பக் டேட்டாபேஸ்ல இருக்கும்.

நாலு பக்கமும் கண்ணாடி, காத்து போக வழி இல்ல. ஜன்னல் ஓரத்துல வச்சிருக்கான், "வெயில் நல்லா வருது மாப்ள". வருது, ஆனா கண்ணாடி வழியா. பச்சோந்திக்கு வேண்டியது யூவி-பி கதிர். அது பட்டாத்தான் உடம்புல டி3 உண்டாகி கால்சியம் எலும்புல சேரும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துரும், சூடு மட்டும்தான் உள்ள வரும். மேல ஒரு சின்ன யூவி பல்பு, வாங்கி ஒன்றரை வருஷம். எரியுது, வெளிச்சம் வருது, அதனால நல்லா இருக்குன்னு நினைச்சிட்டான். இந்த பல்புகள்ல கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவி மட்டும் சத்தமில்லாமக் குறைஞ்சுக்கிட்டே போகும். அதனாலதான் ஆறு மாசம், ஒரு வருஷம்னு கம்பெனி சொன்ன கணக்குல மாத்தணும்.

கீழ ஒரு கிண்ணத்துல தண்ணி. எனக்கு அந்தச் சிரட்டை ஞாபகம் வந்துச்சு. பச்சோந்தி பொதுவா தேங்கி நிக்கிற தண்ணியைத் தண்ணின்னே கண்டுக்காது. இலைமேல உருண்டு நிக்கிற துளியைத்தான் நக்கிக் குடிக்கும், மழையும் பனியும் அதோட சொம்பு. கிண்ணம் நிறைய தண்ணி இருந்தும் கோமதி தாகத்துல இருந்திருக்கா. கண்ணு உள்ள குழி விழுந்திருந்துச்சு, அது நீர்ச்சத்து குறைஞ்சதுக்கு அடையாளம்.

சாப்பாடு, கடையில வாங்குன பாச்சை, அதான் கிரிக்கெட் பூச்சி. "அந்தப் பாச்சைக்கு நீ என்ன குடுக்குற?"ன்னேன். "பாச்சைக்கு ஏன்டா சாப்பாடு, அதுவே சாப்பாடுதான"ன்னான். இங்கதான் விட்டமின் ஏ-யோட வேர். பட்டினி கிடந்த பூச்சி வெறும் ஓடு. அதுக்கு கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கீரைன்னு போட்டு வளர்த்து, அதைப் பச்சோந்திக்குக் குடுத்தாத்தான் சத்து போய்ச் சேரும். விட்டமின் ஏ இல்லன்னா கண்ணு, வாய், மூச்சுக்குழாய் உள்பக்கத்துத் தோல் காய்ஞ்சு உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்தது இமைக்கு அடியில சேரும், கண்ணுல இருந்து போற குழாயை அடைக்கும், அதுமேல கிருமி உக்காரும். அதுலயும் ஊர்வன ஜீவன்களுக்கு சீழ் நமக்கு மாதிரி வடியாது. பன்னீர் துண்டு மாதிரி கெட்டியா நிக்கும், தானா வெளிய வராது. அப்போ அது என்ன பண்ணும்? கண்ணை மூடிக்கும்.

இதெல்லாம் அன்னிக்கே எனக்குத் தெரியும்னு நினைக்காதீங்க. பாதி அந்த ராத்திரி படிச்சது, மீதி அவனுக்கு டாக்டர் சொன்னது. முதல்ல போன கிளினிக்ல நாய், பூனை மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி, ஊர்வனவுக்குன்னே பாக்குற டாக்டர்கிட்ட போனான். அந்தம்மா முதல்ல கண்ணைப் பாக்கவே இல்லையாம். எடை போட்டாங்க, வாயைத் தொறந்து பாத்தாங்க, ஏன்னா வாயில புண் இருந்தாலும் கண்ணு வீங்கும். அப்புறம் எல்லாக் கேள்வியும் கூண்டைப் பத்தி. பல்பு என்ன மாடல், எப்போ வாங்கினது, பூச்சிக்கு என்ன தீனி. அதுக்கப்புறம்தான் கண்ணுல சாயம் விட்டு கருவிழியில புண் இல்லன்னு பாத்துட்டு, சலைன் தண்ணியால கழுவினாங்க. ஒரு கண்ணுல இருந்து அரிசி அளவுக்கு ஒரு கட்டி வெளிய வந்துச்சு. விட்டமின் ஏ குடுத்தாங்க, எடைக்குக் கணக்குப் போட்டு, இத்தனை நாள் கழிச்சுத்தான் அடுத்ததுன்னு எழுதிக் குடுத்து. ஒரு ஆன்டிபயாடிக் சொட்டு. பில்லைப் பாத்துட்டு ஃபிரண்டு ஒரு நிமிஷம் பேசலையாம்.

அப்புறம் அஞ்சு வாரம். அதைத்தான் யாரும் வீடியோ போட மாட்டாங்க. தினமும் காலைல வெதுவெதுப்பான தண்ணியை நல்ல மெல்லிசாத் தூவணும், ரெண்டு நிமிஷம் இல்ல, ரொம்ப நேரம். தண்ணி பட்டா பச்சோந்தி கண்ணை பலூன் மாதிரி உப்ப வச்சு, சுத்திச் சுத்தித் தானே கழுவிக்கும். கண்ணு தெரியாத வரைக்கும் கையால ஊட்டணும், வாயைப் பலவந்தமாத் தொறந்தா தாடை உடைஞ்சிரும், அதுக்கும் டாக்டர் சொல்லிக் குடுத்த மாதிரிதான். கண்ணாடிக் கூண்டு போயி வலைக் கூண்டு வந்துச்சு, நீளமான ட்யூப் யூவி லைட் வந்துச்சு. மூணாவது வாரம் ஒரு நாள் ஃபோட்டோ அனுப்பினான், இடது கண்ணு தொறந்திருந்துச்சு. கீழ ஒரு வார்த்தைகூட எழுதல. நானும் பதில் போடல, ஃபோனை வச்சிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

இந்தக் கதையைக் கேட்டுட்டு 'ப்ரோ, நாமளும் ஒண்ணு வாங்கலாமா'ன்னு கேக்கப் போறீங்க, தெரியும். இந்தியாவுல இருக்குற ஒரே பச்சோந்தி இனம் நம்ம ஊர் வேலியில இருக்கே, அதுதான். 1972-ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல அதுக்குப் பாதுகாப்பு இருக்கு. பிடிக்கவும் கூடாது, வளக்கவும் கூடாது, விக்கவும் கூடாது. ஆறாங்கிளாஸ்ல நான் பண்ணினது குற்றம். வெளிநாட்டு இனம்னா, 2022-ல சட்டத்தைத் திருத்தி, 2024-ல விதிகள் வந்தாச்சு. பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும். அதுக்கு மேல என் கருத்து ஒண்ணு: பாங்காக்ல இருந்து பெட்டிக்குள்ள சுருட்டிக் கொண்டு வர்ற ஊர்வன ஜீவன்களைச் சென்னை ஏர்போர்ட்ல பிடிச்சாங்கன்னு அடிக்கடி நியூஸ் பாக்குறோம். பிடிபடாததுதான் இன்ஸ்டாகிராம்ல விலைக்கு வருது. பேப்பர் காட்ட முடியாதவன்கிட்ட வாங்காதீங்க. உங்க ஊர்ல அதைப் பாக்கத் தெரிஞ்ச டாக்டர் இல்லன்னா, பேப்பர் இருந்தாலும் வாங்காதீங்க.

இப்போ மூணாவது. போன மாசம் மாமா ஃபோன் பண்ணாங்க. "மருமவனே, தோட்டத்துல பச்சோந்தி ஒண்ணு நிக்கி. ஒரு கண்ணு வீங்கிப் போயிருக்கு. நீதான் இதைப் பத்திப் பேசிக்கிட்டு இருப்பியே, வா." அன்னிக்கு சனிக்கிழமை, நான் ஊர்லதான் இருந்தேன். போறதுக்குள்ள பழம் பறிக்க வந்தவங்க கூடிட்டாங்க. ஒருத்தர் கையில கம்பு. அடிச்சுப் போட்டுரணும், கடிச்சா விஷம்ங்கிறது அவர் கட்சி. நம்ம ஊர்ல பச்சோந்தின்னா அரசியல்வாதியைத் திட்டுற வார்த்தை, இல்லன்னா கல்லெறியுற ஜந்து. அதுக்கு விஷமே கிடையாது. ஓடவும் தெரியாது, ஆடி ஆடி ஒவ்வொரு காலா எடுத்து வச்சுத்தான் போகும். கூட்டத்துல இருந்த ஒரு அக்காதான் கம்பைப் பிடிச்சு நிறுத்தியிருந்தாங்க. "தம்பி வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது"ன்னு.

வலது கண்ணு மூடி, சுண்டக்காய் மாதிரி வீங்கி, இமை ஓரம் கிழிஞ்சிருந்துச்சு. எலுமிச்சை முள்ளா இருக்கலாம். அந்த மரத்துல முள்ளு எப்படி இருக்கும்னு கையைக் குடுத்தவங்களுக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்லணும்னா, அந்த நிமிஷம் எனக்கு ஆசை வந்துச்சு. வீட்டுக்குக் கொண்டு போகலாம். இப்போ எனக்கு எல்லாம் தெரியும்ல? துளித்துளியா தண்ணி, வலைக் கூண்டு, கேரட் தின்ன பூச்சி, டெக்சாஸ் டாக்டர் சொன்ன முறை. பதினோரு வயசுப் பையன் பண்ணின தப்பை இப்போ சரி பண்ணிரலாம்னு உள்ளுக்குள்ள ஒரு குரல். மாமாவும், "ரெண்டு நாள் வச்சுப் பாரேன், யாருக்குத் தெரியப் போகுது"ன்னாங்க. ஒரு அட்டைப்பெட்டியைக்கூட நீட்டினாங்க. பெட்டியைப் பாத்ததும்தான் எனக்குத் தெளிஞ்சது.

வனச்சரக அலுவலகத்துக்கு ஃபோன் பண்ணினேன். வர்ற வரைக்கும் நாங்க பண்ணினது ரொம்பக் கொஞ்சம்: கூட்டத்தைத் தள்ளி நிக்கச் சொன்னோம், அது இருந்த கிளையைத் தொடல, மேல லேசாத் தண்ணி தூவினோம். மஞ்சள் தடவலாம், தாய்ப்பால் விடலாம்னு யோசனை நாலா பக்கமும் வந்துச்சு. எதையும் விடல. பைக்ல ரெண்டு பேர் வந்தாங்க. அந்தக் கிளையோட வெட்டி, துணிப்பைக்குள்ள வச்சுக் கொண்டு போனாங்க.

பத்து நாள் கழிச்சு அவங்களே கூப்பிட்டாங்க. கால்நடை டாக்டர் கழுவி, கட்டியை எடுத்து, மருந்து போட்டும் அந்தக் கண்ணைக் காப்பாத்த முடியல. இன்னொரு கண்ணு நல்லா இருக்கு. முதல் ரெண்டு நாள் குறி தப்பியிருக்கு, அப்புறம் பூச்சியைச் சரியாவே பிடிக்குதாம். ஹார்க்னஸ் லென்ஸ் வச்சுக் கண்டுபிடிச்சது எனக்கு அங்கதான் ஞாபகம் வந்துச்சு. ஒரு கண்ணு ஃபோகஸ் பண்ணினாலே தூரம் கிடைச்சிரும். குருட்டுப் பக்கத்துல இருந்து காக்கா வந்தா தெரியாதேன்னு கேட்டேன். "தெரியாதுதான், சார்"னாரு அவரு. "ஆனா கூண்டுக்குள்ள வச்சு என்ன பண்றது?"

தோட்டத்துக்குப் பின்னாடி, மருந்து அடிக்காத ஓடைக்கரைப் பக்கம் விட்டாங்க. நானும் போயிருந்தேன். கிளையில இருந்து மரத்துக்கு மாற அதுக்கு ஒரு கால் மணி நேரம் ஆச்சு. ஒரு கால் வைக்கும், ஆடும், யோசிக்கும், அடுத்த கால். அந்தப் பக்கம் தலையை முழுசாத் திருப்பி, நல்ல கண்ணால பாத்துட்டுத்தான் ஏறிச்சு. கழுத்தைத் திருப்பிப் பாக்குற பச்சோந்தியை நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

கம்பு வச்சிருந்த அண்ணன்கிட்ட நேத்துப் பேசினேன். "ஒத்தைக்கண்ணன் ஓடைமரத்துலதான் உக்காந்திருக்கான் தம்பி, நேத்துகூட பாத்தேன்"னாரு. கோமதி இப்போ ரெண்டு கண்ணையும் நல்லாத் தொறக்குறா. பாச்சைக்கு வாங்குற கேரட் செலவு தன்னோட சாப்பாட்டுச் செலவைத் தாண்டிருச்சுன்னு ஃபிரண்டு புலம்புறான்.

இந்த எபிசோட் பத்தி ஏதாவது சொல்லணும்னா வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஊர்வனவுக்கு டாக்டர் உங்க ஊர்ல யாராவது இருந்தா அதையும் சேத்துச் சொல்லுங்க. அடுத்த வாரம் சென்னையில இருந்து பேசுறேன்.